27 சுற்றுகளில் எதைக் கேட்பது? நியூபோர்ட் 1956, எல்லிங்டன் குழு, பால் கான்சால்வஸ்

அமெரிக்காவின் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் 1956 ஜூலை 7 அன்று, பியானோ வாசிப்பவரும் இசையமைப்பாளருமான டியூக் எல்லிங்டனின் குழு வாசித்த 'டிமினுவெண்டோ அண்ட் கிரெசெண்டோ இன் புளூ' பதிவை மூன்று முறை கேட்டுவிட்டதாகவும், நடுவில் பால் கான்சால்வஸ் டெனர் சாக்ஸபோனில் வாசிக்கும் 27 சுற்று நீளமான தனி வாசிப்பு ஒரே மாதிரியாகச் சுற்றிச் சுற்றி வருவதாகவே படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இது உண்மையிலேயே பெரிய வாசிப்பா, கூட்டத்தின் ஆரவாரத்தால் பெரிதாக்கப்பட்டதா என்பது உங்கள் கேள்வி. ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஊரெல்லாம் புகழும் ஒன்று தனக்கு மட்டும் பிடிபடாதபோது, குறை தன் காதில் இருக்கிறதா, ஊரார் பேச்சில் இருக்கிறதா என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள். உங்கள் காது பாதி சரியாகவே கேட்டிருக்கிறது. ஆனால் காதை அந்தத் தனி ஓடும் ஆறரை நிமிடமும் சாக்ஸபோன் மீதே வைத்திருந்தீர்கள் என்று நினைக்கிறேன். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நான் டெனர் சாக்ஸபோன் வாசிப்பவன். தேவாலய பேண்டில் கிளாரினெட்டோடு தொடங்கி, பிறகு சென்னையில் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் ஓட்டல் நடனக் குழுக்களிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாசித்திருக்கிறேன். வரலாற்றாய்வாளன் அல்லன், அந்த இரவில் அங்கே இருந்தவனும் அல்லன். ஆகவே ஆண்டு, பெயர், பதிவு விவரம் ஆகியவற்றை உறுதியானவையாகவும், வாசிப்பின் தரத்தைப் பற்றிச் சொல்வதை ஒரு வாத்தியக்காரனின் காது சொல்வதாகவும் பிரித்து எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முதலில் நீங்கள் கேட்டது எந்தப் பதிப்பு என்று பாருங்கள். இது அற்ப விஷயம் அன்று. அன்றிரவு மேடையில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தின் மைக் ஒன்றும், வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் மைக் ஒன்றும் இருந்தன. தனி வாசிக்க முன்னே வந்த கான்சால்வஸ் கொலம்பியா மைக்கை விட்டுவிட்டு வானொலிக்காரர்களின் மைக்கில் வாசித்துவிட்டார். அதனால் ஜார்ஜ் அவாக்கியன் தயாரிப்பில் 1956-இல் வெளிவந்த எல்பி தட்டில் டிரம்ஸ் பக்கத்திலும் சாக்ஸபோன் அடுத்த அறையிலும் இருப்பது போலக் கேட்கும். போதாததற்கு, விழாவுக்கென்றே எல்லிங்டனும் அவருடைய இணை இசையமைப்பாளர் பில்லி ஸ்ட்ரேஹார்னும் எழுதிய மூன்று பகுதிப் படைப்பு அன்று திருப்தியாக அமையாததால், இரண்டு நாள் கழித்துக் கூடத்தில் திரும்ப வாசித்துப் பதிவு செய்து, கைதட்டலையும் சேர்த்து, மேடைப் பதிவு போலவே வெளியிட்டார்கள். அந்தத் தட்டில் பாதிக்கும் குறைவாகவே மேடையில் பதிவானது. பல ஆண்டுகள் கழித்து, வானொலியின் ஒலிநாடா அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் கிடைத்தது. 1999-இல் தயாரிப்பாளர் பில் ஷாப் இரண்டு நாடாக்களையும் நொடி பிசகாமல் ஒன்றோடொன்று இசைத்து, ஒன்றை இடது காதுக்கும் மற்றதை வலது காதுக்குமாக வைத்து, முழு நிகழ்ச்சியையும் இரண்டு சிடிகளாகக் கொண்டுவந்தார். பழைய தட்டின் பிரதியைக் கேட்டிருந்தால், ஒரே மாதிரி ஒலிக்கிறது என்ற உங்கள் குறையில் ஒரு பங்கு அந்தத் தவறான மைக்கைச் சேரும். வாசிப்பவரின் மூச்சும், ஊதும் வாயில் இருக்கும் ரீட் என்ற நாணல் தகடு அதிரும் கரகரப்பும், சுரத்தைத் தொட்டுவிடுவதற்கும் அழுத்திப் பிடிப்பதற்கும் இடையிலான வேறுபாடும் தொலைவில் முதலில் அழிந்துபோகின்றன. டெனர் சாக்ஸபோனில் பேச்சே அவற்றில்தான் இருக்கிறது.

இனி இசைக்கு வருகிறேன். பலரும் அந்தத் தனியையே ஒரு தனிப்படைப்பாகக் கேட்கிறார்கள். அது இரண்டு படைப்புகளுக்கு நடுவில் போட்ட பாலம். எல்லிங்டன் 1937-இல் 'டிமினுவெண்டோ இன் புளூ', 'கிரெசெண்டோ இன் புளூ' என்ற இரண்டையும் ஜோடியாக எழுதிப் பதிவு செய்தார். அன்றைய 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் பிடிக்கும் என்பதால், முதலாவது ஒரு பக்கம், இரண்டாவது மறுபக்கம். முதல் பக்கம் முழுக் குழுவின் முழக்கத்தில் தொடங்கும். டிரம்பெட்டுகள் ஒன்று சொல்ல, சாக்ஸபோன்கள் குறுக்கே வெட்டி மறுமொழி சொல்ல, டிராம்போன்கள் அடியிலிருந்து உறுமும். சுருதி இடம் மாறிக்கொண்டே இருக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் குறைந்து, ஒலி வடிந்து, கடைசியில் பியானோவும் தாளமும் மட்டும் மிஞ்சும். மறுபக்கம் இதற்கு நேர் எதிர்த்திசையில், முணுமுணுப்பில் தொடங்கி முழக்கத்துக்கு ஏறும். 1937-இல் கேட்டவர்களுக்கு இரண்டுக்கும் இடையிலான பாலம், எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட்டு ஊசியை வைக்கும் நேரம்தான்.

கச்சேரி மேடையில் தட்டைத் திருப்ப முடியாது. ஒலி முற்றிலும் வடிந்த இடத்திலிருந்து, அடுத்த படைப்பு அடங்கிய குரலில் தொடங்கும் இடம் வரை என்ன செய்வது என்பதை எல்லிங்டன் பல ஆண்டுகள் தீர்க்காமலேயே வைத்திருந்தார். 1940களில் பாடகி கே டேவிஸின் சொல்லில்லாத குரல் மிதக்கும் 'டிரான்ஸ்புளூசென்சி' என்ற மென்மையான படைப்பை நடுவில் வைத்துப் பார்த்தார். 1950களின் தொடக்கத்தில் கான்சால்வஸை அதே இடத்தில் நீளமாகத் தனி வாசிக்கவிட்டுப் பார்த்தார். ஆகவே நியூபோர்ட்டில் நடந்தது வானத்திலிருந்து விழுந்த அற்புதம் என்ற கதையை நீங்கள் நம்ப வேண்டியதில்லை. ஒரு இசையமைப்பாளர் சுமார் 19 ஆண்டுகளாகச் சுமந்த கட்டமைப்புச் சிக்கலுக்கு, சோதித்துப் பார்த்த விடை ஒன்று அன்று முழுமையாகப் பலித்தது.

அந்தப் பாலத்தின் சட்டகம் புளூஸ். நான்கு தாளத் தட்டு கொண்ட அளவை பார் என்போம். 12 பார் சேர்ந்தது ஒரு சுற்று. முதல் நான்கு பார் ஆதார கார்டில், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஆதாரச் சுரக்கூட்டத்தில், நிற்கும். ஐந்தாவதில் நான்காம் கார்டுக்கு நகர்ந்து, ஏழாவதில் ஆதாரத்துக்குத் திரும்பும். ஒன்பதாவதில் ஐந்தாம் கார்டு வந்து ஒரு இழுப்பை உண்டாக்கும். பதினொன்றாவதில் அந்த இழுப்பு தளர்ந்து வீடு வந்து சேரும். இந்தப் பதிவின் வேகத்தில் ஒரு சுற்று ஏறக்குறைய 14 வினாடி. 27 சுற்று என்றால் 324 பார், ஏறக்குறைய ஆறரை நிமிடம். மேளகர்த்தா, ஜன்யம் என்று பல்லாயிரம் வடிவங்கள் பழகிய காதுக்கு இவ்வளவு சிறிய வட்டம் அலுப்பூட்டலாம். ஆனால் நாம் ஒரே ஆதி தாளத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம். எட்டு அட்சரம் திரும்பத் திரும்ப வருகிறதே என்று யாரும் எழுந்து போவதில்லை. புளூஸில் 12 பார் ஏறக்குறைய அந்த இடத்தில் இருப்பது. வட்டம் மாறாது என்று எல்லோருக்கும் தெரிந்திருப்பதால்தான் அதற்குள் நடப்பதைக் கவனிக்க முடிகிறது.

உங்கள் காது பாதி சரி என்று சொன்னேன் அல்லவா, அது இந்த இடத்தில். சுர கற்பனை என்ற ஒற்றை அளவுகோலை எடுத்தால், இது கான்சால்வஸின் மிகச் சிறந்த வாசிப்பு அன்று. ஜாஸின் மிகச் சிறந்த டெனர் தனிகளுள் ஒன்றும் அன்று என்பது என் கருத்து. தாளில் எழுதிப் பார்த்தால் பல சுற்றுகள் இரண்டு பார் நீளமுள்ள சிறு துணுக்கு ஒன்றை எடுத்து, மூன்று நான்கு முறை சற்றே மாற்றிச் சொல்வதாகத்தான் தெரியும். இதை ஒப்புக்கொள்ளத் தயங்கும் ரசிகர்கள்தாம் உங்களைப் போன்றவர்களைக் குழப்புகிறார்கள். ஆனால் தாளில் தெரியாத ஒரு காரியம் அங்கே நடக்கிறது. அதைப் புரிந்துகொள்ள என் சொந்தத் தோல்வி ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இருபத்தேழு வயதில், ஓட்டலொன்றில் புத்தாண்டு இரவு, இதே போன்ற வேகமான புளூஸ் வாசித்துக்கொண்டிருந்தோம். ஆடுபவர்கள் உற்சாகமாக இருந்ததால் குழுத் தலைவர் ஆள்காட்டி விரலைச் சுழற்றி இன்னும், இன்னும் என்று சைகை காட்டினார். எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் மூன்று சுற்றில் தீர்ந்தது. நான்காவது சுற்றில் மேல்ஸ்தாயிக்குப் போய் அலற ஆரம்பித்தேன், கூட்டம் கத்தியது. ஏழாவது சுற்றில் உதடு நடுங்கத் தொடங்கியது. ஒன்பதாவதில் என்னையறியாமல் நான் காலத்தைத் தள்ள, டிரம்மர் என்னைத் துரத்த, தொடங்கிய வேகம் எங்கோ போய்விட்டது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் கால் பின்னி நின்றுவிட்டார்கள். இடைவேளையில் எங்கள் பேஸ் வாத்தியக்காரர், அறுபது தாண்டியவர், தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "நாலாவது சுத்துலயே மொட்டை மாடிக்கு ஏறிட்டா, அப்புறம் எங்கப்பா போவே?" அதற்குப் பிறகுதான் நியூபோர்ட் பதிவு எனக்குக் கேட்க ஆரம்பித்தது.

கான்சால்வஸ் மாடிக்கு ஏறுவதே இல்லை என்று சொல்லலாம். அன்றைய ரிதம் அண்ட் புளூஸ் குழுக்களின் டெனர்காரர்கள் கூட்டத்தைக் கிளப்பக் கையாண்ட கீச்சொலியும் தொடர் உறுமலும் அவர் கையில் மிகக் குறைவு. பெரும்பாலும் வாத்தியத்தின் நடுப்பகுதியில், மூச்சுக் காற்று கலந்த, ஓரம் மழுங்கிய நாதத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் விடாமல் வாதாடுவது போல வாசிக்கிறார். சில இடங்களில் சுற்றின் எல்லையில் மூச்சு வாங்காமல் சொற்றொடரை 12-ஆம் பாரிலிருந்து அடுத்த சுற்றின் முதல் பாருக்குள் இழுத்துக்கொண்டு போய்விடுவதால், நாம் எண்ணிக்கையை விட்டுவிடுகிறோம். புதிதாகச் சொல்வதைக் காட்டிலும் நிறுத்தாமல் சொல்வதே அங்கே வேலை. அடுத்த படைப்பு தொடங்கும்போது அது ஏறிப்போக இடம் மிச்சம் வைத்தாக வேண்டும். பாலம் தன் போக்கில் மலையாகிவிட்டால் 'கிரெசெண்டோ'வுக்கு வேலையில்லை.

இனி ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். அடுத்த முறை கேட்கும்போது சாக்ஸபோனை வேண்டுமென்றே விட்டுவிட்டு, ஜிம்மி வூட் வாசிக்கும் டபுள் பேஸை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பாருக்கு நான்கு சுரம், சீராக, நடப்பது போல. 27 சுற்றில் கிட்டத்தட்ட 1,300 முறை தடித்த தந்தியை விரலால் இழுக்கிறார், ஓய்வு கிடையாது. பிறகு இன்னொரு முறை சாம் வுட்யார்டின் டிரம்ஸை மட்டும் கேளுங்கள். நான்கு தட்டில் இரண்டாவதையும் நான்காவதையும் அழுத்தி அடிக்கும் அந்த அடி தனி வளர வளரக் கெட்டிப்படுகிறது, ஆனால் கட்டவிழ்ந்து ஓடுவதில்லை. மூன்றாவது முறை எல்லிங்டனின் பியானோவை. சில சுற்றுகளில் கார்டுகளைத் துண்டு துண்டாக வைக்கிறார், சிலவற்றில் கையை எடுத்துவிட்டுக் கத்தி ஊக்குவிக்கிறார். பியானோ விலகும் இடங்களில் பேஸும் டிரம்ஸும் சாக்ஸபோனும் மட்டும் எஞ்ச, இசை மெலிவதற்குப் பதிலாக முறுக்கேறுவதைக் கேட்பீர்கள். இந்த மூன்றையும் கேட்ட பிறகு நான்காவது முறையாகக் கான்சால்வஸிடம் திரும்பினால், அவர் அந்த மூவர் மேல் சாய்ந்தும் அவர்களைத் தள்ளியும் வாசிப்பது தெரியும். தனி என்று நாம் அழைப்பது நால்வர் சேர்ந்து ஆறரை நிமிடம் ஒரே காலப்பிரமாணத்தைக் கீழே விழாமல் தூக்கிப் பிடித்த வேலை. வூட்டும் வுட்யார்டும் அதற்கு முந்தைய ஆண்டுதான் குழுவில் சேர்ந்தவர்கள் என்பதை இங்கே நினைவில் கொள்ளுங்கள். பழைய எல்லிங்டன் குழுவின் தாளம் வேறு வகை அழகு கொண்டது. இந்த முரட்டுப் பிடிவாதம் புதியவர்கள் கொண்டுவந்தது.

குழு அப்போது இருந்த நிலையையும் சொல்ல வேண்டும், சுருக்கமாக. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 15, 16 பேரைச் சம்பளத்தில் வைத்து ஊர் ஊராகப் போவது கட்டுபடியாகாமல் பெரிய குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. இன்னொரு பெரிய குழுவின் தலைவரான கவுண்ட் பேசியே 1950-இல் சிறு குழுவுக்கு இறங்கிவிட்டு, பிறகுதான் மீண்டும் பெரிய குழு சேர்த்தார். எல்லிங்டன் தன் பாடல்களின் உரிமைத் தொகையைக் குழுவில் கொட்டி அதைக் கலைக்காமல் ஓட்டினார். 1951-இல் ஆல்ட்டோ சாக்ஸபோன்காரர் ஜானி ஹாட்ஜஸ் உட்பட மூன்று மூத்தவர்கள் ஒன்றாக விலகினார்கள். ஹாட்ஜஸ் 1955-இல் திரும்பினார். அதே 1955 கோடையில் நியூயார்க்கில் நீர்விளையாட்டுக் காட்சி ஒன்றுக்குப் பின்னணி வாசிக்கும் நிலைக்குக் குழு வந்திருந்தது. நியூபோர்ட்டிலும் தொடக்கம் நன்றாக இல்லை. மாலையில் சிலர் வந்து சேராத நிலையிலேயே இரண்டொரு உருப்படி வாசித்துவிட்டு இறங்கினார்கள். மற்ற குழுக்கள் முடித்து, இவர்கள் மீண்டும் ஏறியபோது நள்ளிரவு நெருங்கிவிட்டது, கூட்டத்தில் ஒரு பகுதி வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. புதிதாக எழுதிய படைப்புக்கு மரியாதையான கைதட்டல் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் எல்லிங்டன் 1937-இன் பழைய ஜோடியை எடுத்தார்.

கூட்டத்தின் ஆரவாரம் பற்றிய உங்கள் சந்தேகத்துக்கு நேராக வருகிறேன். முதல் ஆறேழு சுற்று வரை பதிவில் கூட்டம் ஏறக்குறைய அமைதியாகவே இருக்கிறது. அதன் பிறகு சத்தம் எழுகிறது, சுற்றுக்குச் சுற்று பெருகுகிறது, இறுதியில் இசையையே மூழ்கடிக்கப் பார்க்கிறது. இது பதிவில் உள்ளபடி உறுதி. கறுப்பு மாலை உடையணிந்த பொன்முடிப் பெண் ஒருவர் முன்பகுதிச் சிறப்பு இருக்கையிலிருந்து எழுந்து ஆடத் தொடங்கியதும், அதைப் பார்த்துப் பிறர் எழுந்ததும் அங்கிருந்தவர்கள் பலர் பதிந்த செய்தி. கவுண்ட் பேசி குழுவின் பழைய டிரம்மர் ஜோ ஜோன்ஸ் மேடையோரத்தில் நின்று, சுருட்டிய செய்தித்தாளைத் தட்டிக் குழுவை உசுப்பினார் என்பதும் அப்படியே. ஆனால் அந்தச் செய்தித்தாள்தான் குழுவின் தாளத்தை இறுக்கியது, அந்தப் பெண்தான் கான்சால்வஸை 27 வரை இழுத்துச் சென்றார் என்றெல்லாம் பிற்காலத்தில் சேர்த்துச் சொல்லப்படுவதை நான் அப்படியே ஏற்பதில்லை. சத்தம் எழுவதற்கு முன்பே தாளம் அதே இறுக்கத்தில் இருப்பது காதுக்குத் தெரிகிறது; தீயை மூட்டியது குழு, கூட்டம் அதற்கு விசிறியது. விசிறியதற்குப் பயன் இருந்ததும் உண்மை. ஆடுபவர்களைப் பார்த்துக்கொண்டு வாசிப்பவனுக்கு உதட்டின் வலி தாமதமாகத்தான் தெரியும் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

கான்சால்வஸ் முடித்ததும் எல்லிங்டன் இரண்டு சுற்று பியானோ வாசித்து மூச்சு வாங்க இடம் தருகிறார். பலர் இந்த இடத்தில் பதிவை நிறுத்திவிடுகிறார்கள், நீங்களும் அப்படித்தான் எழுதியிருந்தீர்கள். இது கோபுர வாசல் வரை போய்த் திரும்பிவிடுவதற்குச் சமம். இதன் பிறகு வரும் 'கிரெசெண்டோ'வுக்காகத்தான் அத்தனையும். ரீட் வாத்தியங்கள் தாழ்ந்த குரலில் தொடங்க, டிராம்போன்கள் சேர, டிரம்பெட்டுகள் சேர, ஒவ்வொரு சுற்றும் ஒரு படி ஏறுகிறது. ஆறரை நிமிடம் ஒரே ஒரு சாக்ஸபோனைக் கேட்டுப் பழகிய காதில், எழுதி வைத்த பதின்மூன்று பதினான்கு பேரின் ஒலி விழும்போது அதன் அகலம் அடிவயிற்றில் தெரிகிறது. உச்சியில் கேட் ஆண்டர்சனின் டிரம்பெட் மற்ற எல்லோருக்கும் மேலே, டிரம்பெட்டின் எல்லை என்று பாடப்புத்தகம் சொல்லும் இடத்தையும் தாண்டி நிற்கிறது. கான்சால்வஸ் தொடாமல் விட்ட மாடி இவருக்காக ஒதுக்கப்பட்டது. மொத்தம் 14 நிமிடத்துக்கும் சற்று அதிகமான நேரத்தை ஒரே உருப்படியாகக் கேட்டால் கீழே இறங்கி, நீண்ட தூரம் நடந்து, மேலே ஏறும் அதன் வடிவம் பிடிபடும்.

எல்லிங்டனின் குழுவை ரசிக்க இன்னொரு திறவுகோலும் இருக்கிறது. வழக்கமான குழுவில் நோட்ஸ் தாளின் மேல் மூன்றாம் டிராம்போன், இரண்டாம் ஆல்ட்டோ என்று எழுதியிருக்கும். எல்லிங்டன் அதற்குப் பதிலாக ஆளின் பெயரை எழுதுவார். வாத்தியத்துக்கு எழுதாமல் அந்த ஆளின் நாதத்துக்கு எழுதினார் என்பதற்கு அதுவே சாட்சி. அன்றிரவை முடித்து வைத்த 'மூட் இண்டிகோ' 1930-இல் எழுதியது; அதன் தொடக்கத்தைக் கேளுங்கள். மூடியிட்ட டிரம்பெட், மூடியிட்ட டிராம்போன், கிளாரினெட் என்று மூன்றே வாத்தியம். பள்ளிக்கூட முறைப்படி கிளாரினெட் மேலே, டிராம்போன் கீழே இருக்க வேண்டும். இவர் டிராம்போனை டிரம்பெட்டுக்கு ஒட்டி மேலே ஏற்றிவிட்டு, கிளாரினெட்டை அதன் அடிக்குரலுக்கு இறக்கிவிட்டார். மூன்றும் தங்களுக்கு வசதியில்லாத இடத்தில் நின்று ஒலிப்பதால், எந்த வாத்தியமும் அல்லாத நான்காவது ஒரு நாதம் பிறக்கிறது. 1927 முதல் எல்லிங்டனின் இறுதி வரை கூடவே இருந்த ஹாரி கார்னியின் பாரிட்டோன் சாக்ஸபோனுக்கும் இதே போன்ற தனி இடம் உண்டு. குழு முழுவதும் ஒலிக்கும்போது அடியில் ஒரு கரும்பாறை கிடப்பது போலக் கேட்பது அவர்தான். நியூபோர்ட் நிகழ்ச்சியிலேயே 'சோஃபிஸ்டிகேட்டட் லேடி'யில் மூச்சைச் சுழற்றி அவர் பிடிக்கும் கார்வையைத் தவறவிடாதீர்கள். நாதஸ்வரக்காரர்களின் கார்வை பழகிய நம் காதுக்கு அது அந்நியமாகவே இருக்காது.

'கிரெசெண்டோ' முடிந்ததும் கூட்டம் கட்டுக்கடங்கவில்லை. விழா அமைப்பாளர் ஜார்ஜ் வெய்ன் கலவரமாகிவிடுமோ என்று அஞ்சி நிகழ்ச்சியை முடிக்கச் சொல்ல, எல்லிங்டன் மறுத்து, ஜானி ஹாட்ஜஸை முன்னே அனுப்பினார். ஹாட்ஜஸ் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் ஆல்ட்டோ சாக்ஸபோனில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தேன் வழிவது போலச் சறுக்கி வாசிப்பவர். தீயை அணைக்கத் தண்ணீரை ஊற்றாமல், மெதுவாகக் காற்றைக் குறைத்த அந்தத் தேர்வில்தான் எல்லிங்டனின் மேடை அறிவு தெரிகிறது. முழுப் பதிப்பில் இந்தப் பகுதியையும் தொடர்ந்து கேளுங்கள். அடுத்த மாதம், ஆகஸ்ட் 20 தேதியிட்ட டைம் இதழின் அட்டையில் எல்லிங்டன் படம் வந்தது; தான் பிறந்ததே நியூபோர்ட்டில்தான் என்று அவர் பிற்பாடு வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வது வழக்கமானது.

கான்சால்வஸுக்கு அந்த இரவு வரமா என்பதில் எனக்கு இரண்டு மனம். 1920-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிராக்டனில், கேப் வெர்டே தீவுகளிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். கவுண்ட் பேசி, டிஸ்ஸி கில்லெஸ்பி ஆகியோரின் குழுக்களில் வாசித்துவிட்டு 1950-இல் எல்லிங்டனிடம் வந்தவர். நியூபோர்ட்டுக்குப் பிறகு போன இடமெல்லாம் அந்த நீண்ட ஓட்டத்தையே கேட்டார்கள், எல்லிங்டனும் வாசிக்கச் சொன்னார். ஆனால் அவருடைய உண்மையான பலம் மெதுவான உருப்படிகளில் இருந்தது. 1963 சுற்றுப்பயணத்தில் இந்தக் குழு மதராஸிலும் கொழும்பிலும் வாசித்தபோது அவரும் குழுவில் இருந்தார். அதற்குப் பிறகு உருவான 'ஃபார் ஈஸ்ட் சூட்' தொகுப்பில் 'மவுண்ட் ஹரிஸா' என்ற பகுதியில் அவர் வாசிப்பது நியூபோர்ட் கான்சால்வஸிலிருந்து மிகவும் வேறுபட்ட ஆள். 1958 நியூபோர்ட்டில் அவருக்கென்றே வைத்த 'ஹேப்பி ரீயூனியன்' அதைவிடவும் நெருக்கமானது. சுர கற்பனைதான் உங்களுக்கு முதன்மை என்றால் அவரை அங்கே தேடுங்கள்; 1956-இன் அந்த 27 சுற்றில் அதைத் தேடி ஏமாற வேண்டாம்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய வரிசையை இப்படிச் சொல்வேன். 1937-இன் இரண்டு பக்கங்களையும் முதலில் கேளுங்கள், ஆறேழு நிமிட வேலைதான். நடுவில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் தட்டைத் திருப்பிய கணக்காகிவிடும். பிறகு 'ஹேப்பி ரீயூனியன்'. அதன் பிறகு 1999 பதிப்பில் நியூபோர்ட்டின் 14 நிமிடம், பேஸ் தெளிவாகக் கேட்கும் ஹெட்போனில். கைபேசியின் ஒலிபெருக்கியில் பேஸ் மறைந்துவிடும், பேஸ் மறைந்தால் நீங்கள் எழுதிய குறை முற்றிலும் உண்மையாகிவிடும். விரல் மடக்கிச் சுற்றுகளை எண்ணுங்கள். எத்தனையாவது சுற்றில் எண்ணிக்கையை விட்டீர்கள் என்று வந்து எழுதுங்கள். பல முறை கேட்டும் எனக்குப் பதினொன்றைத் தாண்டியதில்லை.